டராவாவின் கிணறுகள்

கிரிபாஸ் நாட்டின் நிலம் மொத்தத்தையும் கூட்டினால் 811 சதுர கிலோமீட்டர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு கிறிஸ்மஸ் தீவு ஒன்றுக்கே போய்விடும். மற்ற 32 தீவுகளும் பூமத்திய ரேகைக்கு இரு பக்கமும், சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர் பசிபிக் கடலில் சிதறிக் கிடக்கின்றன. தலைநகரம் இருக்கும் டராவாவிலிருந்து கிறிஸ்மஸ் தீவுக்குப் போக மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடக்க வேண்டும். ஒரு காலத்தில் சர்வதேசத் தேதிக்கோடு இந்த நாட்டின் குறுக்கே ஓடியது. மேற்கே திங்கட்கிழமை விடிந்திருக்கும், கிழக்கே அப்போதுதான் ஞாயிறு. 1995 ஜனவரி 1 முதல் கோட்டைக் கிழக்கே தள்ளி, நாடு முழுவதற்கும் ஒரே கிழமை என்று ஆக்கிக்கொண்டார்கள்.

வரைபடத்தில் கிரிபாட்டி, பெட்டியோ என்று படிக்கும்படி இருக்கும். அங்குள்ளவர்கள் நாட்டைக் கிரிபாஸ் என்றும், டராவாவின் மேற்கு முனையில் இருக்கும் ஊரைப் பேஸோ என்றும் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான் நிலத்தடி நீர்ப் பொறியாளர். பிறந்தது ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோரக் கிராமம் ஒன்றில். ஒரு குடிநீர்த் திட்டத்துக்காகத் தெற்கு டராவாவின் பிகெனிபேயு ஊரில் வாடகைக்கு இருந்துகொண்டு, கிணறுகளையும் ஆழ்குழாய்களையும் அளப்பதுதான் அங்கே என் வேலை. திரும்பி வந்ததிலிருந்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அந்த நாடு எப்போ மூழ்கும்?" கேட்பவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை, செய்தியில் வருவதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் டராவாவில் இருந்த காலம் முழுக்க நான் கடல் மட்டத்தைவிடக் கிணற்று மட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிலம் தண்ணீருக்குள் போக இன்னும் காலம் இருக்கிறது. அதற்கு வெகு முன்பே கிணறு உப்பாகிவிடலாம், சில இடங்களில் ஆகியும்விட்டது. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டராவா ஒரு பவள வளையத்தீவு. ஃபிஜியின் நாடியிலிருந்து விமானம் மூன்று மணி நேரம் வெறும் கடலின் மேல் பறந்து, கடைசியில் ஒரு பக்கம் கருநீலக் கடல், மறுபக்கம் வெளிர்பச்சைக் காயல், நடுவில் தென்னை நிற்கும் மணல் என்று இறங்கும். தெற்கு டராவாவில் அந்த மணல்பட்டையின் அகலம் பல இடங்களில் முந்நூறு, நானூறு மீட்டர்தான். கடல் மட்டத்திலிருந்து மூன்று மீட்டரைத் தாண்டும் இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு கிடையாது, ஓடை கிடையாது, குளம் கிடையாது. மழை விழும், மணல் குடித்துவிடும்.

அந்த மழைநீர் போய்ச் சேரும் இடத்தில்தான் என் வேலை இருந்தது. மணலுக்கும் பவளக்கல்லுக்கும் அடியில் ஏற்கெனவே கடல்நீர் நிற்கிறது. நன்னீர் அதைவிட எடை குறைந்தது என்பதால் அதன் மேல் மிதக்கும். தீவின் நடுவில் தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும் மிதக்கிற இதை எங்கள் துறையில் நன்னீர் வில்லை என்போம். பாடப்புத்தகக் கணக்குப்படி, நிலத்தடி நீர் கடல் மட்டத்தைவிட ஓர் அடி உயர்ந்து நின்றால் கடல் மட்டத்துக்குக் கீழே நாற்பது அடிக்கு நன்னீர் இருக்க வேண்டும். பவளத்தீவில் அந்தக் கணக்கு முழுதாகச் செல்லாது. அடியில் உள்ள பழைய சுண்ணாம்புக்கல் பொந்தும் புழையுமாக இருப்பதால், ஓதம் ஏறி இறங்கும்போதெல்லாம் கடல்நீரும் அசைந்து நன்னீரோடு கலக்கிறது. நன்னீருக்கும் உப்புநீருக்கும் இடையே கோடு கிழித்ததுபோல் எல்லை எதுவும் இல்லை. கொஞ்சங்கொஞ்சமாக உவர்ப்பேறும் ஒரு தடித்த அடுக்குதான் உண்டு. தீவு முந்நூறு மீட்டரைவிடக் குறுகினால் வில்லை நிலைப்பதே கடினம்.

எங்கள் ஊர்க் கடற்கரையில் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மேல் நீரை மட்டும் அலுங்காமல் கோருவார்கள். அவசரப்பட்டுக் குடத்தை முக்கினால் உவர் ஏறிவிடும். டராவாவுக்கே குடிநீர் தரும் போன்ரிகி நீர்க்காப்பு நிலத்தில் பொறியாளர்கள் செய்திருப்பதும் அதேதான். செங்குத்தாக ஆழ்துளை போட்டு உறிஞ்சினால் அடியிலிருந்து உப்பு மேலேறி வரும். ஆகவே நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, முந்நூறு மீட்டர் நீளத்துக்குத் துளையிட்ட குழாய்களைப் படுக்கவைத்து, மேல் நீரை மட்டும் மெதுவாக வழித்தெடுக்கிறார்கள். சின்ன வயதில் ஊற்றுமேட்டில் உட்கார்ந்து பார்த்ததை, படித்த படிப்பெல்லாம் முடித்து உலகத்தின் மறுகோடியில் வரைபடத்தில் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை இன்றும் மறக்க முடியவில்லை.

போன்ரிகி, தெற்கு டராவாவில் நிலம் கொஞ்சம் அகலமாக விரியும் கிழக்கு மூலை. விமான நிலையமும் அங்கேதான். ஓடுபாதையை ஒட்டி, தென்னையும் புதருமாகக் கிடக்கும் வெற்று நிலம் மாதிரித் தெரியும். அதன் அடியில்தான் ஊரின் குடிநீர். அங்கங்கே இரும்பு மூடி போட்ட சோதனைக் குழாய்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் வேறு வேறு ஆழத்தில் முடிகிற மெல்லிய குழல்கள். ஒவ்வொரு ஆழத்திலிருந்தும் நீரை உறிஞ்சி, மின்கடத்துதிறன் மானியை அதில் நனைத்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். உப்பு கூடக்கூட எண் கூடும். மழைநீர் என்றால் நூறுக்குள், கடல்நீர் என்றால் ஐம்பதாயிரத்தை ஒட்டி. டராவாவில் 2,500 வரை நன்னீர் என்று ஏற்றுக்கொள்கிறார்கள். மேலே அறுநூறு, கீழே ஆயிரத்து இருநூறு, அதற்கும் கீழே எட்டாயிரம் என்று எண்கள் இறங்க இறங்க ஏறிப்போவதைப் பார்க்கும்போது, ஒரு ஊரின் உயிர் எத்தனை மீட்டர் தடிமன் என்று கைக்கணக்கில் தெரியும். என்னோடு வந்த உள்ளூர்ப் பையன்கள் இருவரும் எண்ணைப் பார்க்காமல் நாக்கில் தொட்டே ஆயிரத்துக்கு மேலா கீழா என்று சொல்வார்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

நாட்டின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் சுமார் 1,20,000. அதில் பாதிக்கு மேல் தெற்கு டராவாவின் அந்த மெல்லிய பட்டையில் இருக்கிறார்கள். ஒரே சாலை. போன்ரிகியில் தொடங்கி பிகெனிபேயு, பைரிகி வழியாக, 1987-ல் ஜப்பான் உதவியில் கட்டிய கடல்பாலம் கடந்து பேஸோ போய் முடியும். சாலையின் இரு பக்கமும் வீடு, வீட்டுக்கு முன்னால் குடும்பத்துக் கல்லறை, பின்னால் பன்றிப்பட்டி, பக்கத்தில் கிணறு. வெளித்தீவுகளில் ஆளுக்கு ஆள் இடைவெளி இருந்தபோது இந்த ஏற்பாட்டில் தொல்லை இல்லை. நெரிசல் வந்ததும் மேலே கொட்டியது எல்லாம் மணல் வழியே வில்லைக்குள் இறங்கியது. 1977-ல் டராவாவில் காலரா பரவியது. அதற்குப் பிறகுதான் பேஸோ, பைரிகி, பிகெனிபேயு ஊர்களுக்குக் கடல்நீரால் அலசிவிடும் கழிவுக் குழாய்கள் போட்டார்கள். பேஸோவிலும் தெயாவோராரெகேயிலும் இருந்த நீர்க்காப்பு நிலங்கள் மாசுபட்டுக் கைவிடப்பட்டன. மிஞ்சியவை போன்ரிகியும், பாலத்துக்கு அப்பால் உள்ள புவோட்டாவும். குழாயில் தண்ணீர் வருவது சில மணி நேரம், அதுவும் தினமும் இல்லை.

இந்தக் காப்பு நிலங்கள் அரசுக்குச் சொந்தமானவை அல்ல. குடும்பங்களுக்குச் சொந்தமானவை. அரசு வாடகை கொடுக்கிறது. கொடுத்துவிட்டு, வீடு கட்டாதே, பன்றி வளர்க்காதே, குழி தோண்டாதே, பிணம் புதைக்காதே என்கிறது. நிலம் என்பது வெறும் சொத்தாக இல்லாமல், ஆளின் பெயரும் முன்னோர் பெயரும் உட்காருகிற இடமாக இருக்கும் நாட்டில் இதைக் கேட்டுக்கொள்வது எளிதல்ல. எல்லை மீறி வீடு கட்டியிருந்த ஒரு பெரியவரிடம் பேசப் போனோம். பாயை விரித்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, நிதானமாகச் சொன்னார்: "பேஸோவில் இருக்கிறவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறேன். என் மகனுக்கு வீடு கட்ட இடம் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்ய?" எனக்குப் பதில் இல்லை. அந்த வீட்டின் கழிவு எந்தக் குழாய்க்குள் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருப்பதும் தெரியும். நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் ஊர்களுக்கு உலகம் எங்கும் நடப்பதுதான் போன்ரிகிக்கும் நடக்கிறது. வாடகையை உயர்த்துவது மட்டும் போதாது, அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வேறிடத்தில் நிலமும் வீடும் தர வேண்டும் என்பது என் முடிவான எண்ணம்.

வில்லையைப் பற்றி டராவாவில் நான் கற்றுக்கொண்டதில் பாதி, சோதனைக் குழாயில் இல்லை. அது பப்வாய்க் குழியில் இருந்தது. பப்வாய் என்பது சேம்பு இனத்தைச் சேர்ந்த பெரிய கிழங்குச் செடி. இலை ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். அதற்கு வேர் எப்போதும் நன்னீரில் நிற்க வேண்டும், ஆனால் உப்பு கொஞ்சம்கூட ஆகாது. பாசனம் செய்ய ஆறு இல்லாத நாட்டில் முன்னோர் என்ன செய்தார்கள்? தண்ணீரை மேலே கொண்டுவராமல், தோட்டத்தைக் கீழே இறக்கினார்கள். தீவின் நடுவில், வில்லை தடித்திருக்கும் இடம் பார்த்து, பவளக்கல்லைக் கிளிஞ்சல் கருவிகளால் தோண்டி, நீர்மட்டம் வரை குழி எடுத்தார்கள். இரும்பு பார்க்காத காலத்தில், ஆளை மறைக்கும் ஆழத்துக்குத் தோண்டிய குழிகள் அவை.

அந்தக் குழியில் மண் கிடையாது, மணல்தான். மண்ணை அவர்களே செய்தார்கள். செடியைச் சுற்றித் தாழை ஓலையிலோ தென்னங்கீற்றிலோ அடியில்லாத கூடை பின்னி, அதற்குள் காய்ந்த இலையும் கரும்மண்ணும் அடுக்கடுக்காகப் போடுவார்கள். எந்த இலையை எந்த அடுக்கில் எப்போது போடுவது என்பது குடும்ப ரகசியம். பன்னீர் மரத்து இலை, ஈரப்பலா இலை என்று நான் கண்ணால் பார்த்தவை சில. மீதியை எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி, என் வீட்டுக்காரம்மா, தன் தந்தையின் குழியைக் காட்டியபோது, "இதில் மூத்தது என் மகளைவிட வயதில் பெரியது" என்றார். கிழங்கைப் பல வருடம் விட்டு வைப்பார்கள். கல்யாணம், முதல் பிறந்தநாள், பெரிய விருந்து வந்தால்தான் எடுப்பார்கள். அவித்து, இடித்து, தேங்காயோடு சேர்த்துத் தருவார்கள். எத்தனை வருடக் கிழங்கு என்பதில் விருந்தின் மதிப்பு தெரியும். இன்று தெற்கு டராவாவில் பல குழிகள் குப்பைக் குழிகளாகிவிட்டன. அரிசியும் டின் இறைச்சியும் கடையில் கிடைக்கின்றன. சில குழிகளில் இலை ஓரம் கருகத் தொடங்கியிருக்கிறது. என் மானி சொல்வதற்கு முன்பே பப்வாய் சொல்லிவிடும், அடியில் உப்பு ஏறுகிறது என்று. அபையாங் தீவின் தெபுங்கினாகோ கிராமத்தில் கரை அரித்து, குடியிருப்பையே உள்ளே தள்ளிப் போட வேண்டியிருந்தது. குழியை அப்படித் தள்ளிப் போட முடியாது.

நீர் கிணற்றிலிருந்து மட்டும் வரவில்லை. விடியலிலும் சாயங்காலத்திலும் ஆண்கள் தென்னை ஏறிப் பாளை சீவுவார்கள். மரத்தின் உச்சியில் இருந்தபடி உரக்கப் பாடுவார்கள். அங்கே போய் இறங்கிய முதல் வாரத்தில் எங்கிருந்து பாட்டு வருகிறது என்று தெரியாமல் வாசலில் நின்று தேடினேன். புதிதாக இறக்கிய பதநீர் கரேவே. அதைக் காய்ச்சிய பாகு கமைமை, புளிக்கவிட்டால் கள். பழமும் காய்கறியும் அரிதான தீவுகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு உயிர்ச்சத்து கொடுத்தது கரேவேதான். தாழம்பழத்தை அவித்து மசித்து, பாய்போல் தட்டிக் காயவைத்தால் வருடக்கணக்கில் கெடாது. வறட்சிக்கு அதுதான் சேமிப்பு. படகுக்கும் கட்டுமானத்துக்கும் புன்னை மரம், பலகைகளைப் பிணைக்கத் தேங்காய் நார்க் கயிறு. காப்பு நிலத்துத் தென்னைகள் வில்லையிலிருந்து நீரைக் குடிக்கின்றன, வெட்டினால் மிச்சமாகும் என்று பொறியாளர்களிடையே ஒரு யோசனை வெகுநாளாக உண்டு. கணக்கில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் மரத்தின் மேலிருந்து பாட்டு வரும் ஊரில் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லக் கூடாது என்றே நினைக்கிறேன்.

எதுவாக இருந்தாலும் பேச வேண்டிய இடம் மனேயாபா. ஒவ்வொரு கிராமத்துக்கும் உள்ள பொதுக்கூடம் அது. கூரை தாழ்வாக இறங்கியிருக்கும், குனிந்துதான் நுழைய முடியும். பழைய முறையில் கட்டியதென்றால் பவளக்கல் தூண்கள், தாழை ஓலைக் கூரை, ஆணி இல்லாமல் கயிற்றுக் கட்டு. உள்ளே யார் எங்கே உட்காருவது என்பது வம்சத்தால் தீர்மானமானது. அந்த இடத்துக்கு அவர்கள் மொழியில் 'போட்டி' (boti) என்று பெயர். பெரியவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். நிமிர்ந்து குறுக்கே நடக்கக் கூடாது, காலை நடுப்பக்கம் நீட்டக் கூடாது. நாடாளுமன்றத்துக்கே மனேயாபா நி மவுங்கதாபு என்றுதான் பெயர். 1979 ஜூலை 12-ல் சுதந்திரம் வந்தபோது முதல் ஜனாதிபதியான இயெரெமியா தபாய்க்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை இளையவர் வாய் திறக்காத நாட்டில் அப்படி ஒரு தேர்வு நடந்திருக்கிறது.

நீர்க்காப்பு பற்றி நாங்கள் வைத்த கூட்டமும் மனேயாபாவில்தான். தலையில் பூவளையம் வைத்தார்கள், இளநீர் கொடுத்தார்கள். ஊர், பெயர், பெற்றோர், எதற்காக வந்தேன் எல்லாம் எழுந்து சொல்ல வேண்டும். பிறகு பாட வேண்டும். என் அம்மா நாற்று நடும்போது பாடுவதில் நான்கு வரி பாடினேன். அதற்குப் பிறகுதான் தண்ணீர்ப் பேச்சு. நான்கு மணி நேரம் நடந்தது. யாரும் குறுக்கே பேசவில்லை. ஒருவர் சொன்னதை மறுக்க வேண்டுமென்றால் முதலில் அவர் சொன்னதை முழுதாகத் திரும்பச் சொல்லிவிட்டு, பிறகே தன் கருத்தைச் சொன்னார்கள். வாக்கெடுப்பு இல்லை. முடிவு வராதபோது, அடுத்த கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். திட்ட அலுவலகத்தில் சிலருக்கு இது காலவிரயமாகத் தெரிந்தது. எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு சிறு தீவில் தோற்றவர் என்று யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது, நாளைக்கும் அதே கிணற்றடியில் பார்க்க வேண்டும்.

கூட்டம் முடிந்து ஆட்டம். கிரிபாஸ் ஆட்டத்தில் சிரிப்பு கிடையாது. கைகளை இறக்கைபோல விரித்து, தலையைச் சட்டென்று திருப்புகிற அசைவுகள் கொடியில் உள்ள கடற்பறவையின் அசைவுகள். ஆடுகிறவர் கழுத்தில் பவுடர் தூவி, வாசனைத் தைலம் தெளிப்பார்கள். பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது ஆடும் பெண்கள் சிலர் கண்ணீர் விட்டு அழுததைப் பார்த்தேன்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் நீரைப் பற்றி எழுத முடியாது. இந்தியாவில் எல் நினோ என்றால் பயப்படுகிறோம். கிரிபாஸில் எல் நினோ மழை கொண்டுவரும். அதற்கு நேர்மாறான லா நினா நீண்டால்தான் வறட்சி. வடக்கே புட்டாரிடாரி பச்சைப்பசேல் என்றிருக்க, தெற்குத் தீவுகள் காய்ந்து கிடக்கும். டராவாவிலேயே ஒரு வருட மழைக்கும் மறு வருட மழைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. 2022 ஜூனில் வறட்சிக்காக அரசு பேரிடர் நிலையையே அறிவித்தது. வறட்சியில் வில்லை மெலிந்திருக்கும் நேரத்தில் பேரலை வந்து கரையைத் தாண்டினால் இரட்டை அடி. 2015 மார்ச்சில் வனுவாட்டுவைச் சூறையாடிய பாம் புயலின் அலைகள், புயலே வராத தெற்குத் தீவுகளான தமானாவையும் அரோரேயையும் மோதிக் கிணறுகளில் உப்பை இறைத்தன. அப்படி உப்பேறிய கிணறு மழையால் தெளிய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். கடல் மட்டம் உயர்வது என்றால் இதுதான். ஒருநாள் அலை வந்து எல்லாவற்றையும் மூடுவது அல்ல. இப்படிப்பட்ட அலைகள் அடிக்கடி வரத் தொடங்கும். இரண்டு அலைகளுக்கு நடுவே கிணறு தெளிய நேரம் கிடைக்காமல் போகும்.

நீரை இழந்தால் என்ன ஆகும் என்று கிரிபாஸ் மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்களிடம் பனாபா இருக்கிறது. பனாபா மற்றத் தீவுகள் போல மணல் திட்டு இல்லை. ஆறு சதுர கிலோமீட்டர் பரப்பில், எண்பது மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் பவளப்பாறை. மற்றத் தீவுகளைப்போல வில்லைக்குக் கிணறு வெட்டும் வழி அங்கே இல்லை. நிலத்துக்கு அடியில் குகைகள் இருந்தன. அவற்றுக்கு பங்கபங்கா என்று பெயர். மழைநீர் பாறை வழியே கசிந்து குகைக் குழிகளில் தேங்கும். உள்ளே போகும் உரிமை பெண்களுக்கு மட்டும். இருட்டில் தவழ்ந்து இறங்கி, தேங்காய்ச் சிரட்டைகளில் நிரப்பி மேலே கொண்டுவருவார்கள். 1870-களின் பெருவறட்சியில் அதுவும் போதாமல் தீவின் பெரும்பகுதி மக்கள் செத்தார்கள், தப்பியவர்கள் சிலர்.

அந்தப் பாறையின் மேல் பெரும்பகுதி பாஸ்பேட். சிட்னியில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் கதவு சாத்தாமலிருக்க அண்டைக்கொடுத்திருந்த நவ்ரு தீவுக் கல்லைச் சோதித்துப் பார்த்த ஆல்பர்ட் எல்லிஸ், அதே மாதிரிக் கல் தேடி 1900 மே மாதம் பனாபாவுக்கு வந்தார். தீவு முழுவதற்கும் பேச அதிகாரமில்லாதவர்களிடம் கையெழுத்து வாங்கினார். வருடத்துக்கு ஐம்பது பவுண்டு, 999 வருடத்துக்கு. அன்றிலிருந்து 1979 வரை தோண்டினார்கள். அந்த உரம் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் புல்வெளிகளைப் பச்சையாக்கியது. பனாபாவின் மேற்பரப்பில் பெரும்பகுதி ஊசிப் பாறைகளாக நிற்கிறது. மண்ணோடு மரங்கள் போயின, குகைகளில் பலவும் போயின. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் பிடித்து, மக்களைப் பல தீவுகளுக்குச் சிதறடித்தார்கள். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் அதிகாரிகள் அவர்களைத் தாயகம் திரும்ப விடவில்லை. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஃபிஜியின் ராம்பி தீவில் 1945 டிசம்பர் 15-ல் கொண்டுபோய் இறக்கினார்கள். ராம்பி தீவை வாங்கிய பணமும் பனாபாவினரின் பாஸ்பேட் பணமே. புயல் பருவத்தில், கூடாரத்தில் தொடங்கியது அந்த வாழ்க்கை. 1970-களில் லண்டன் நீதிமன்றம் வரை வழக்கு போட்டார்கள். விசாரணை நடந்த நாட்களின் எண்ணிக்கைக்காகவே பேசப்படும் அளவுக்கு நீண்ட வழக்கு, கேட்டது கிடைக்கவில்லை.

என் வீட்டுக்காரம்மாவின் தாய்வழி ராம்பி. அவருடைய பாட்டி சிறுமியாகக் குகைக்குள் இறங்கியவர். "இருட்டில் எந்தப் பக்கம் தண்ணீர் என்று அவளுக்குக் காதால் தெரியும்" என்று சொல்லி, சொட்டும் சத்தத்தை நாக்கால் தட்டிக் காட்டினார். நான் இருபது வருடமாக நிலத்தடி நீர் அளப்பவள். ஒரு சமூகம் தன் நீருக்குப் போகும் வழியைப் பெண்களின் கையில் மட்டும் வைத்திருந்தது என்பதையும், அந்த வழியை உரமாக்கி விற்றார்கள் என்பதையும் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. நீரியல் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பனாபாவைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இன்று அங்கே சில நூறு பேர் மட்டும் வாழ்கிறார்கள். குடிப்பது மழைநீரும், உப்பகற்றும் இயந்திரம் தருவதும். இயந்திரம் பழுதானால் கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

பனாபாவை அறிந்தவர்களிடம் "வேறு நாட்டுக்குப் போய்விடலாமே" என்று எளிதாகச் சொல்ல முடியாது. 2014-ல் ஜனாதிபதி அனோட்டே டோங் ஃபிஜியின் வனுவா லெவுவில் சுமார் இருபது சதுர கிலோமீட்டர் நிலம் வாங்கினார். உலகமே அதைக் குடிபெயரும் திட்டமாக எழுதியது. அடுத்து வந்த தனெட்டி மாமாவு, இங்கேயே இருப்போம், நிலத்தை உயர்த்துவோம் என்றார். டராவாவில் நான் பழகியவர்கள் இரண்டையும் கேட்டுக்கொண்டு, பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டும், கடல் சுவருக்கு மணல்மூட்டை அடுக்கிக்கொண்டும் இருந்தார்கள். போகத் தயாராக இருப்பதும், போகாமலிருக்கப் பாடுபடுவதும் ஒரே வீட்டில் நடக்கின்றன.

தெற்கு டராவாவுக்குக் கடல்நீரிலிருந்து உப்பகற்றும் ஆலை வருகிறது, சூரிய மின்சாரத்தோடு. வரட்டும், வந்தே ஆக வேண்டும், வறட்சியில் குழந்தைகளுக்கு அதுதான் கைகொடுக்கும். ஆனால் ஆலை வந்துவிட்டதே என்று போன்ரிகியைக் கைவிட்டுவிடக் கூடாது. சவ்வு அடைத்தால், உதிரிப்பாகம் வர மாதம் ஆனால், அன்றைக்கு மறுபடியும் அந்த மணலுக்கு அடியில்தான் கை வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய் மூடியைத் திறந்து எண் குறிக்கும் வேலைக்கு ஆளும் சம்பளமும் நிரந்தரமாக இருக்க வேண்டும். திட்டம் முடிந்து வெளிநாட்டவர் கிளம்பியதும் முதலில் நிற்பது அந்த வேலைதான். நான் எழுதிக் கொடுத்த அறிக்கையின் முதல் பரிந்துரை இதுவே.

வீட்டுக்காரம்மாவின் மூத்த மகள் ஆஸ்திரேலியாவில் பழத்தோட்ட வேலைக்குப் போயிருக்கிறாள். அவள் அனுப்பிய பணத்தில் முதலில் வாங்கியது ஐயாயிரம் லிட்டர் மழைநீர்த் தொட்டி. போன வாரம் படம் அனுப்பியிருந்தார். தகரக் கூரைக்கு வாய்க்கால் போட்டுத் தொட்டியில் இறக்கியிருக்கிறார்கள். குடிக்க அது, துவைக்கவும் குளிக்கவும் கிணறு. பன்றிப்பட்டியைக் கிணற்றடியிலிருந்து காயல் பக்கமாக நகர்த்திவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். அடுத்து பப்வாய்க் குழியின் நீரையும் அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மானி அந்தப் பையன்களிடம்தான் இருக்கிறது.